கூடாரம் போடட்டும், ஓடையை விட்டுத் தள்ளி

திருப்பதி மாவட்ட வன அலுவலகத்துக்கு,

தலகோனாவிலும் சுற்றியுள்ள காட்டிலும் இரவு தங்க ஆசைப்பட்டு வருகிறவர்களைப் பற்றி பாகாலாவிலிருந்து எழுதுகிறோம். தடை போடுங்கள் என்று கேட்கவில்லை. இடம் ஒதுக்கிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு 270 அடி உயரத்திலிருந்து தலகோனா அருவி கொட்டும்போது சென்னை, வேலூர், பெங்களூரு வண்டிகள் பாக்கராப்பேட்டை வழியாக வரிசை கட்டுகின்றன. பெரும்பாலோர் அங்குள்ள கோயிலில் சித்தேஸ்வரரைக் கும்பிட்டு, குளித்து, இருட்டுமுன் இறங்கிவிடுகிறார்கள். தொல்லை மிச்சப் பேரால்தான். சேஷாசல மலையானாலும் நாகலாபுரம் மலையானாலும் இவர்கள் கண்ணுக்கு முதலில் படுவது தண்ணீரை ஒட்டிய சமதரை. மறுநாள் அங்கே போய்ப் பாருங்கள்: கரி பிடித்த மூன்று கற்கள், பாதி எரிந்த பிளாஸ்டிக் தட்டு, பாறை இடுக்கில் ஷாம்பு பாக்கெட், மடுவின் ஓரத்தில் பிரியாணி எண்ணெய் மிதக்கும்.

சேஷாசல மலையில் மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, மெல்லக் கசிந்து, கோடையிலும் சில சுனைகளை ஈரமாக வைத்திருக்கிறது. மானும் கரடியும் இரவில் இறங்குவது அந்த ஈரத்தைத் தேடித்தான். அங்கே கூடாரம் போட்டுப் பாட்டு வைத்தால் அவை எங்கே போகும்? சுவர்ணமுகி பிறக்கும் மலைப்பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள். ஊற்று வற்றினால் ஆறு என்னவாகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1989இல் தேசியப் பூங்காவாகவும், 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்த காடு இது. சட்டம் போதாமல் இல்லை. ஆளும் அடையாளமும்தான் போதவில்லை. தலகோனாவில் உள்ள விடுதிகளுக்குப் பக்கத்தில், ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, எண்ணிக்கை வைத்துச் சில கூடாரங்களுக்கு இடம் குறியுங்கள். சமையலை நெரபைலு பக்கத்துப் பெண்களிடம் கொடுங்கள், ஊருக்கும் நாலு காசு வரும். மாசி முதல் வைகாசி வரை, சருகு காய்ந்து கிடக்கும் மாதங்களில், நெருப்பே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்தார்கள். அதன்பின் தமிழ்நாடு விதிகள் வகுத்தது. 2024இல் 40 மலைப்பாதைகளை இணையப் பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்தது. நீங்கள் அப்படி ஒரு சாவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. பலகைகளில் தமிழும் வேண்டும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி இதே மலையில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, காட்டில் தமிழ் பேசுகிறவனைச் செம்மரம் வெட்ட வந்தவனாகப் பார்க்கும் பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லை. வருகிறவர்களில் பலர் பேசும் மொழியில் "மேலே மழை பெய்தால் ஓடை திடீரென்று பெருகும், இறங்காதீர்கள்" என்று எழுதி வைத்தால் உயிர் தப்பும். எழுதாமல் விட்டுப் பிறகு உடலைத் தேட ஆள் அனுப்புவது என்ன நிர்வாகம்?

வரும் பருவமழைக்குள் எல்லைக் கல்லை நட்டு, பலகையை எழுதி, காவலுக்கு ஆள் போடுங்கள். உள்ளூர் ஆட்களைக் கேட்டால் எந்தச் சுனையை விட்டு எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று கூடவே நடந்து காட்டுவார்கள்.