எண்ணெய் வடியும், உப்பு வடியாது

இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் சிகிச்சை பெற்று வீடு திரும்புகின்றவர்களின் குடும்பத்தார் எங்கள் உணவியல் பிரிவில் அண்மைக் காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். "ஏர் ஃபிரையர் வாங்கிவிட்டோம்; இனி அப்பாவுக்கு உப்புக்கண்டம் கொடுக்கலாம் அல்லவா?" உப்புக்கண்டத்தின் இடத்தில் சில வீடுகளில் கருவாடு வரும், புலால் உண்ணாத வீடுகளில் வடகமும் மோர்மிளகாயும் வரும். நோயுற்றவர் ஒரு வாய் ருசியாக உண்ண வேண்டும் என்ற தவிப்பு அக்கேள்வியில் இருக்கின்றது. ஆயினும் "கொடுக்கலாம்" என்று சொல்ல எங்களால் இயலவில்லை. ஏன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

உப்புக்கண்டத்தை இளைய தலைமுறையினரில் பலர் உண்டிருப்பார்களே தவிர, செய்வதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆட்டிறைச்சியை எலும்பு நீக்கி நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தாராளமாகத் தடவி, நூலில் கோத்து, கொடியில் கட்டி, நல்ல வெயிலில் சில நாட்கள் உலர்த்துவார்கள். சில வீடுகளில் மிளகாய்த்தூளும் பூண்டும் சேரும். காக்கையை விரட்டுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. கல்போல் இறுகியதும் பானையில் இட்டு மூடிவைத்து, வேண்டும்போது எடுத்துத் தட்டி எண்ணெயில் பொரிப்பார்கள்.

இதற்குத் தக்க காரணம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காவிரிப் படுகையின் பல ஊர்களில் பாதையே நீருக்குள் கிடக்கும். நாகப்பட்டினக் கரையில் வலை இறங்காத நாட்களும் உண்டு. அந்த நாட்களைக் கடக்கக் கோடை வெயிலையும் வேதாரண்யத்து உப்பையும் முன்னோர் சேமித்துவைத்தனர். நடவு வயலில் நாளெல்லாம் குனிந்து வியர்த்தவருக்குப் பழைய சோற்றுடன் ஒரு துண்டுக் கருவாடு பொருந்திய உணவாகவும் இருந்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக வேதாரண்யத்துக்குத் தொண்டர்கள் நடந்து சென்றதும் உப்புக்காகத்தான். அன்று ஏழைக்கு உப்பு எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பது பெரிய வழக்கு. இன்று எங்கள் முன் அமர்பவர் வயலில் வியர்ப்பவர் அல்லர்; கால் வீங்கி, மூச்சிரைத்து, நீர் பிரிவதற்கு மாத்திரை உட்கொள்பவர். உணவு மாறவில்லை; உண்கின்ற உடல் மாறிவிட்டது.

உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி நமக்கு மட்டும் உரியதன்று. மேலைநாடுகளில் பன்றி இறைச்சியை அவ்வாறு பதப்படுத்திப் பேக்கன் என்கின்றனர். அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் வழியாக அது நம் ஊர்க் குளிர்பெட்டிகளிலும் எட்டிப்பார்க்கின்றது. அதைச் சமைக்க அங்கே எத்தனையோ கருவிகளும் உத்திகளும் உள்ளன. சூடேறாத வாணலியில் இட்டுச் சிறு தீயில் கொழுப்பை உருக்கி எடுப்பது ஒன்று. கம்பித்தட்டில் பரப்பி அடுப்புப் பெட்டியில் வாட்டி, கொழுப்பைக் கீழே சொட்டவிடுவது ஒன்று. மைக்ரோவேவில் உறிஞ்சுதாளுக்கு நடுவே வைப்பது மற்றொன்று. பிலிப்ஸ் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஏர் ஃபிரையரும் இவ்வரிசையில் சேர்ந்துகொண்டது. சிறிய அறைக்குள் சூடான காற்றை விசிறியால் வேகமாகச் சுழற்றுவதே அதன் வேலை.

இவற்றின் நோக்கமெல்லாம் ஒன்றே: கொழுப்பையும் எண்ணெயையும் குறைப்பது. அதை இவை நன்றாகவே செய்கின்றன, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உப்பு எண்ணெயில் கரைவதில்லை, நீரில்தான் கரையும். ஆகவே எத்தனை கரண்டிக் கொழுப்பு வடிந்தாலும் தசைக்குள் ஊறிய உப்பு அங்கேயே இருக்கும். மாறாக, சூட்டில் நீர் வற்றி எடை குறைவதால் கடிக்கும் ஒவ்வொரு துண்டிலும் உப்பின் அடர்த்தி கூடுகின்றது. பொரித்த பேக்கன் 100 கிராமில் 1,500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். உடல்நலம் உள்ள ஒருவருக்கே நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள், நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது மட்டமாக வழித்த ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இட்லி மாவு, சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

எண்ணெயைக் குறைப்பது மட்டுமே நோக்கமானால், அதற்கும் பல ஆயிரம் ரூபாய்க் கருவி தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம். நம் பாட்டிமார் அப்பளத்தைத் தணலில் சுட்டுத் தந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஆனால் சுட்ட அப்பளத்திலும் உப்பும் அப்பளக்காரமும் உண்டு. அக்காரத்திலும் இருப்பது சோடியமே.

மற்றொரு செய்தியையும் மறைப்பதற்கில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015ஆம் ஆண்டில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதற்பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவர்க்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடுவதாகவும் கணித்தது. உப்பிடுதலும் புகையூட்டுதலும் அதன் வரையறைக்குள் அடங்கும். திருவிழாவுக்கு ஒருநாள் உண்பவர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் உண்பவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். எந்த அடுப்பில் சமைத்தாலும் இது பொருந்தும்.

அப்படியானால் வழியே இல்லையா? உப்பை வெளியேற்ற வல்லது தண்ணீர் ஒன்றே. உப்புக்கண்டத்தை இளஞ்சூடான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் மீண்டும் ஊறவைக்க வேண்டும். பிறகு நிறைய நீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். ருசி முழுவதும் அதில்தான் இருக்கின்றது என்று வெந்த நீரைக் குழம்பிலேயே ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வெளியேற்றிய உப்பைத் திரும்ப அழைப்பதாகும் அது. குழம்பில் தனியாக உப்பு சேர்க்கவும் வேண்டாம். இவ்வளவு செய்தாலும் உப்பு குறையுமே அன்றி நீங்காது. ஆதலால் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர் எப்போதாவது ஓரிரு துண்டு உண்ண இம்முறை உதவும். இதயச் செயலிழப்பு உள்ளவர், முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர், இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர் ஆகியோர்க்கு இதுவும் போதாது. அவர்கள் தவிர்ப்பதே நன்று. ஐயம் இருப்பின் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், இவ்வகையில் நோயாளிக்கு உண்மையிலேயே துணைநிற்கும் கருவி வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றது என்போம். அது குளிர்பதனப் பெட்டி. இறைச்சி கெடாமல் இருக்க உப்பைக் கொட்டிய காலத்தில் அது இல்லை. இன்று இருக்கும்போது, கெடாமல் காக்கும் வேலையைக் குளிருக்குத் தந்துவிட்டு, உப்பை ருசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிய இறைச்சியை நீளமாக அரிந்து, மஞ்சள், மிளகு, பூண்டு, அளந்தெடுத்த ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, குக்கரில் மெத்தென வேகவையுங்கள். பின்பு இரும்புத் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் தடவி, ஓரம் முறுகும்வரை சுருட்டி எடுங்கள். ஏர் ஃபிரையர் இருந்தால் இந்தக் கடைசிக் கட்டத்தில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வாங்கிய காசு வீணாகாது. இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தால் உப்பின் குறை நாவுக்கு அவ்வளவாகத் தெரியாது. உப்புக்கண்டத்தின் அந்தப் பழைய வாசம் இதில் முழுமையாக வராது என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

உப்பின் பெயரை மாற்றிக்கொள்வதால் பயனில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்துப்பு தீங்கற்றது என்று நம்பி இருமடங்கு போடுகின்றவர்கள் உண்டு. இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்புகளில் பலவற்றில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்க்கும் அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். மருத்துவர் சொல்லாமல் அதை வாங்க வேண்டாம். அதேபோல, அச்சத்தால் உப்பை அடியோடு நிறுத்திவிடுவதும் தவறு. முதியவர் சிலருக்கு, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்க்கு, இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் மனக்குழப்பமும் நேரலாம்.

இனி, சமைப்பவரைப் பற்றி. பெரும்பாலும் அது மனைவி அல்லது மருமகள். நோயாளிக்கு ஒரு குழம்பு, மற்றவர்க்கு ஒரு குழம்பு என்று இரண்டு சட்டி வைத்து அவர் ஓய்ந்துபோகின்றார். பத்தியச் சட்டியை நோயாளி ஒதுக்கிவிட்டு மற்றதைக் கேட்கும்போது வீட்டில் பேச்சு தடிக்கின்றது. எங்கள் கருத்தில் ஒரே சட்டி போதும். குறைந்த உப்புடன் எல்லோருக்கும் பொதுவாகச் சமைத்து, அவரவர் உண்ணும் அளவைத் தனியே வைத்துக்கொள்ளலாம். நாவுக்கும் பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டியவர் நோயாளி மட்டும் அல்லர்.

உப்பை அளக்கவும் ஓர் எளிய வழி உண்டு. புதிய உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேலேயே எழுதிவையுங்கள். ஆளுக்கு 5 கிராம் என்றால், நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், கருவாடு, கடைப்பண்டம் ஆகியவற்றில் உள்ள உப்பு இக்கணக்கில் வராது. எனவே அதற்கும் மேல் நாட்கள் வந்தால்தான் சரி. அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது, மாத்திரைச் சீட்டுடன் பாக்கெட் பிரித்த தேதியையும் முடிந்த தேதியையும் குறித்து எடுத்துவாருங்கள்.