நல்ல கைக்கு லீவு!

பக்கவாதம் வந்தவரின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, ‘இப்ப சட்டை பட்டனைப் போடுங்க சார்!’ என்றால் கொடுமையாகத் தெரியும். வைத்தியமே அதுதான். அமெரிக்கர் எட்வர்ட் டௌப் முதலில் குரங்குகளிடம் பார்த்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பைத் துண்டித்தால் குரங்கு அந்தக் கையையே மறந்துவிடுகிறது. நல்ல கையைக் கட்டினால் ‘மறந்த’ கை வேறு வழியில்லாமல் வேலைக்கு வருகிறது!

2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 222 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரம் உறை, கூடவே பயிற்சி. ஒரு வருஷம் கழித்து, கைவேலைச் சோதனையில் அவர்களின் சராசரி நேரம் 19.3 விநாடியிலிருந்து 9.3-க்கு இறங்கியது. உறை மாட்டாதவர்களுக்கு 24-லிருந்து 17.7.

மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைந்தால்தான் இது சரிப்படும். பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் அப்பாவின் கையைக் கட்டிவிடாதீர்கள். ஆனால், பட்டனோடு அவர் பத்து நிமிஷம் மல்லாடினால் விடுங்கள். ஆபீஸுக்கு லேட்டானால் ஆகட்டும்.