பார்த்த நட்சத்திரத்தையே எத்தனை நாள் பார்ப்பது?

இன்று கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் குடும்பக் குழுவில் மாப்பிள்ளை ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரே நட்சத்திரத்த வருஷக்கணக்கா ரேடியோ டெலஸ்கோப்ல பாத்துக்கிட்டே இருக்காங்க. மக்கள் வரிப்பணம்தானே? புதுசா எதையாவது தேடலாமே?" அதற்குக் கைதட்டியவர்களில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள்! அதனால்தான் எழுதுகிறேன்.

1967-இல் ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தது பல்சார். சுழலும் நியூட்ரான் நட்சத்திரம். சுற்றுக்கு ஒரு ரேடியோத் துடிப்பு. கலங்கரை விளக்கம் போல என்று சொல்லி நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் பி1931+24 என்ற பல்சாரைப் பாருங்கள். ஐந்து முதல் பத்து நாள் துடிக்கும். சில நொடிகளில் அணைந்துவிடும். பிறகு 25 முதல் 35 நாள் வரை சத்தமே இல்லை. மறுபடி துடிக்கும். ஒரே ஒரு நாள் எட்டிப்பார்த்தவன், அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பான்.

இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆட்கள் அப்படிப் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2006-இல் ஒன்றைச் சொன்னார்கள்: துடிக்கும் நாட்களில் அதன் சுழற்சி குறையும் வேகம், அணைந்த நாட்களைவிட சுமார் 50 சதவீதம் அதிகம். காரணம்? துடிக்கும்போது நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள காந்தமண்டலத்தில் மின்னேற்றத் துகள்கள் பாய்கின்றன. அந்த மின்னோட்டமே பிரேக் போடுகிறது. மண்டலத்தின் நிலையே மாறுகிறது, ரேடியோ அதன் ஒரு அடையாளம்தான். 2010-இல் அதே குழு பழைய பதிவுகளைத் தோண்டி, ஆறு பல்சார்களில் துடிப்பின் வடிவம் மாறும்போது வேகம் குறையும் விகிதமும் கூடவே மாறுவதைக் காட்டியது. பல பத்தாண்டுப் பதிவு கையில் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? பல்சாரை வைத்து ஈர்ப்பலை தேடுபவர்களுக்கு அந்தக் கடிகாரம் எங்கே பிசகுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, நம் நாட்டுக்கும் பங்குள்ளது. பி0943+10 சில மணி நேரத்துக்கு ஒருமுறை பளிச்சென்ற நிலைக்கும் மங்கிய நிலைக்கும் மாறும். ஐரோப்பாவின் லோஃபாரும், புனே அருகே கோடாட்டில் உள்ள நம் ஜிஎம்ஆர்டியும் ரேடியோவில் பார்க்க, எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோள் அதே நேரம் எக்ஸ் கதிரில் பார்த்தது. ரேடியோ மங்கும்போது எக்ஸ் கதிர் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது! 2013-இல் வெளியானது. இருந்த கோட்பாடுகள் எதுவும் இதை எதிர்பார்க்கவில்லை. அத்தனை பழகிய நட்சத்திரம் அது.

புதிதாகத் தேட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேடிக் கண்டதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவதுதான் வீண்செலவு.

மாப்பிள்ளை, ஒரே ஒரு கேள்வி. அந்த நட்சத்திரம் பேசாமல் இருந்த முப்பது நாளில், எந்த நாளன்று தொலைநோக்கியைத் திருப்பியிருப்பீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். கைதட்டியவர்களும்தான்.