கறுப்பாகப் பற்றினால் கவனம் தேவை

மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி தோலின் மேலடுக்கோடு மெல்லத்தான் சேரும். காய்ந்த பசையை உதிர்த்தவுடன் கையில் தெரிவது ஆரஞ்சு நிறம். அது அடர் சிவப்பாக முற்ற ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அரை மணி நேரத்தில் கருகருவெனப் பற்றும் மருதாணி கோனில் இலையைத் தவிர வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் அது தலைச்சாயத்தில் சேர்க்கும் பாரா ஃபினைலின் டைஅமின், சுருக்கமாக பிபிடி. ஐரோப்பிய ஒன்றியம் தலைமுடிச் சாயத்தில்கூட இதை 2 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. தோலில் பூசவே கூடாது என்கிறது. கறுப்பு மருதாணிக் கலவைகளிலோ 15 சதவீதத்துக்கும் மேல் இருந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

பலமுறை வைத்தும் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். பிபிடியின் ஆபத்தே அங்குதான் இருக்கிறது. முதல் தடவை உடல் அதைப் பகையாக அடையாளம் கண்டுகொள்வதோடு நின்றுவிடலாம்; அரிப்பும் கொப்புளமும் அடுத்த தடவை வரும். போட்ட கோலத்தின் வடிவிலேயே தழும்பு தங்கிவிடுவதும் உண்டு. அதைவிடக் கொடியது, இந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுக்க நீடிப்பது. பத்து வயதில் கையில் வாங்கிய வினை, நாற்பது வயதில் நரைக்குச் சாயம் பூசும் நாளில் முகமும் இமையும் வீங்கும் அளவுக்குத் திரும்பி வரலாம். சில மரப்பு மருந்துகளும் துணிச்சாயங்களும்கூட இந்த ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒரு துளி வைத்துச் சோதித்தால் போதாதா என்றால், போதாது. முதல் தொடுகையில் உடல் எதையும் காட்டாமலே இருக்கக்கூடும். அந்தத் துளியே ஒவ்வாமைக்கு வித்தாகவும் கூடும்.

ஆகவே வாங்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். நம் சட்டம் இங்கேதான் கைவிடுகிறது. தலைச்சாயப் பொட்டலத்தில் எச்சரிக்கை வாசகத்தை உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்கிறது விதி. அழகுப் பொருள்களில் சேர்மானப் பட்டியலும் கட்டாயம்தான். ஆனால் 30 கிராமுக்குக் குறைவான திடப்பொருள், பசை வகைப் பொட்டலங்களுக்கு விலக்கு உண்டு. சிறிய மருதாணி கோன்கள் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்கின்றன. கைக்குழந்தையின் தோலில்கூடப் பூசப்படும் பொருளுக்கு எடையைக் காரணம் காட்டி விலக்களிப்பதில் நியாயமே இல்லை. அதை நீக்க வேண்டும். இலை மட்டுமே என்றாலும் பட்டியல் தேவைதான். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு, கலப்படமில்லாத மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்திருக்கிறது.

விலக்கை நீக்குவது மருதாணி போட்டுப் பிழைக்கும் பெண்களின் வயிற்றில் அடிக்காதா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர்களில் பலர் கடையில் வாங்கிய கோனைத்தான் நம்பிப் போடுகிறார்கள். நாள்தோறும் அந்தப் பசையைத் தொடுவது அவர்களுடைய விரல்கள். தாங்களே பசை குழைக்கத் தேவையான இலைப்பொடியும் எலுமிச்சைச் சாறும் நீலகிரித் தைலமும் விலையால் யாரையும் முடக்குபவை அல்ல. கூடுதலாகத் தேவைப்படுவது நேரம் மட்டுமே. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே அவர்களை அழைத்து, இரவு முழுக்கக் காயவிடும் பொறுமையைக் கல்யாண வீட்டார்தான் காட்ட வேண்டும்.