குணசேகரன் வார்டில் நின்றால்

தாம்பரம் சந்தையில் காய் பொறுக்கும் நேரத்தில்கூட இந்த வாதம் ஓய்ந்தபாடில்லை. சன் டிவியில் 2022இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரின் குடும்பத்தில் தலைமைக்குத் தகுந்தவர் யார்? வீட்டின் மூத்தவர் ஆதி குணசேகரன்தான் என்கிறார் நண்பர். ஓர் அதட்டலில் வீடே அடங்குகிறதாம். நிர்வாகம் என்றால் அதுதானாம்.

மறைந்த மாரிமுத்து அந்த வேடத்தில் அசத்தினார், மறுப்பில்லை. ஆனால் நடிகருக்கு விழுந்த கைதட்டலைக் குணசேகரன் கணக்கில் வரவு வைப்பானேன்? அந்த அதட்டலால் எந்தக் காரியம் உருப்படியாக நடந்தது? சொத்தில் அப்பத்தாவின் 40 சதவீதப் பங்குக்காக மனிதர் படாத பாடு பட்டார். கூடத்தில் கத்தல்தான் மிச்சம். அதே நேரம் அடுப்படியில் மருமகள்கள் காய் நறுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்து, ஒருவழியாக ஒரு முடிவுக்கு வருவார்கள். மாமன்றக் கூட்டம் என்றால் எனக்கு அதுதான்.

அந்த மருமகள்களில் என் ஓட்டு நந்தினிக்கு. ஜனனிக்குத் துணிச்சல் உண்டு, சரி. நந்தினியோ கேட்க வேண்டியதை நக்கலாகக் கேட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள்.

இவர்களை எங்கள் ஊர் வார்டில் நிறுத்திப் பார்ப்போம். 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள். தமிழகச் சட்டப்படி பாதி இடம் பெண்களுக்கு. “மேடம் வரமாட்டாங்க, நான்தான் பேசுவேன்” என்று கவுன்சிலரின் கணவர் நாற்காலியை இழுத்துப்போடும் பழக்கம் ஊரறிந்தது. நண்பர் கேட்கும் தலைமை ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது, ஐயா! 2015 டிசம்பரில் பக்கத்து முடிச்சூருக்குள் புகுந்த வெள்ளத்தைப் பார்த்து குணசேகரன் பாணியில் ‘இந்தாம்மா ஏய்’ என்று அதட்டியிருந்தால் வடிந்திருக்குமா?