கருப்புப் பூஞ்சையும் தலையெழுத்தும்

2021-ம் வருஷம் கொரோனாவின் இரண்டாவது அலையோடு கருப்புப் பூஞ்சை என்னும் வியாதி தலைகாட்டியது ஜனங்களுக்கு ஞாபகமிருக்கும். அவ்வருஷம் ஜூன் மாதக் கடைசிக்குள் இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் இது கண்டதாக மத்திய சுகாதார மந்திரியே கணக்குச் சொன்னார். கொரோனாவுக்குத் தப்பியவர்களில் பலர் இதற்குக் கண்ணைக் கொடுத்தார்கள், மேல்தாடையைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். இதற்கு நம்மவர்கள் சொன்ன சமாதானம் என்ன? "எல்லாம் தலையெழுத்து" என்பதுதான்.

தலையில் எழுதியவன் எவனோ நாம் அறியோம். மூக்கில் புகுந்தது இன்னதென்று நன்றாய்த் தெரியும். பழைய ரொட்டியில் பூக்கிறதே பூசணம், அதன் இனந்தான் இது. மண்ணிலும் குப்பையிலும் சாணத்திலும் இதன் வித்து உண்டு. நாம் எல்லோரும் அதைச் சுவாசிக்கத்தான் செய்கிறோம். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதைக் கொன்றுவிடுகின்றன. ஆனால் சர்க்கரை வியாதியைக் கவனியாமல் விட்டவர்களுக்கும், ரத்தப் புற்று கண்டவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டு அதற்கான மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தக் காவல் தளர்ந்து போகிறது. அப்போது அது மூக்கையடுத்த எலும்பறைகளில் முளைத்து ரத்தக் குழாய்களை அடைக்கிறது. ரத்தம் ஓடாத சதை செத்துக் கருக்கிறது. கருப்பு என்பது பூசணத்தின் நிறமல்ல. செத்த சதையின் நிறம்.

சரி, 2021-ல் மாத்திரம் இது ஏன் இவ்வளவு பெருகிற்று? டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, பிராணவாயு கொடுக்கவேண்டிய கொரோனா நோயாளிகளுக்கே பயன்படும், மற்றவர்களுக்குப் பயனில்லை என்று 2020-லேயே இங்கிலாந்தில் பரீட்சித்துச் சொல்லிவிட்டார்கள். அளவும் நாளைக்கு 6 மில்லிகிராம், 10 நாளுக்கு மேற்படாமல் என்பதுதான். இங்கோ காய்ச்சல் கண்டவுடனே, கேட்பாரின்றி, அளவுக்கு மேலும் நாளுக்கு மேலும் விழுங்கினவர்கள் பலர். அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெள்ளை அணுக்களையும் மந்தப்படுத்தும். பூசணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இதே மே மாதத்தில் குஜராத்தில் சிலர் கொரோனா அணுகாதென்று கோசாலைக்குப் போய் உடம்பெல்லாம் சாணி பூசிக்கொண்டார்கள். டாக்டர்கள் கூடாதென்றார்கள். சாணியால்தான் கருப்புப் பூஞ்சை வந்ததென்று நாம் சொல்லவில்லை, அது ருஜுவாகவில்லை. ருஜுவாகாததைச் சொல்லுவது சாஸ்திரிகள் வேலை.

நிற்க, சர்க்கரை வியாதியுள்ள தோழர்களுக்கு ஒரு வார்த்தை. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலியும் வீக்கமும், மூக்கடைப்பும், மூக்கில் கருஞ்சளியும், மேல்வாயில் கருப்பும், பல்லாட்டமும், ஒன்று இரண்டாய்த் தெரிவதும் கண்டால், மந்திரிக்கவும் பத்துப்போடவும் உட்காராதீர்கள். அன்றே மூக்கு வைத்தியர் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆம்போடெரிசின் என்ற மருந்தை ஊசி வழியாய் ஏற்றுவார்கள். செத்த சதைக்கு ரத்தம் போகாததால் மருந்தும் போகாது, ஆகையால் அதை வெட்டியெடுப்பார்கள். ஒரு நாள் முந்திப் போனால் வெட்டுகிற சதை குறையும், கண்ணும் மிஞ்சலாம்.