கொல்லைப்புறம்: பூண்டுத் தாளும் அத்தையின் மாத்திரையும்



"பூண்டு நட்டேன், புல்தான் வந்தது" என்று அலுத்துக்கொள்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். நானும் அதில் ஒருத்திதான். 2024-ஆம் வருஷத் தொடக்கத்தில் பூண்டு கிலோ 400, 500 ரூபாய் என்று ஏறிப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சின்னக்கடைத் தெருவில் கால் கிலோ வாங்கி வந்து விலையைச் சொன்னதும் என் மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டிம்மா, நம்ம கொல்லையில இல்லாத எடமா? நட்டா வராதா?" என்றார். அத்தைக்கு வயது 78. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மேல் அப்பீல் கிடையாது.

அந்த வருஷம் ஐப்பசியில் இரண்டு தொட்டிகளில் நட்டோம். பல்லின் தோலை உரிக்காமல், கூர்முனை மேலே பார்க்க, ஒரு அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமபாகம். ஆறு அங்குல ஆழமுள்ள தொட்டி போதும். ஆனால் அடியில் ஓட்டை அவசியம். எங்கள் தொட்டியில் ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் மண் அடைத்துவிட்டது. டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயல் கொட்டிய கொட்டில் மலையே சரிந்து உயிர்கள் போயின. ஊர் அழுத அந்த வாரத்தில் பூண்டுத் தொட்டியை யார் நினைத்தார்கள்? நாலு நாள் கழித்துப் பார்த்தால் அத்தனை பல்லும் அழுகிக் கூழாகியிருந்தது.

தீபம் முடிந்து மார்கழி பிறந்ததும் மறுபடி நட்டோம். ஒரு தொட்டிக்குக் கடையில் புதுசாக வாங்கிய பூண்டு. இன்னொன்றுக்கு, ஐப்பசியில் மீந்ததைக் காகிதப் பையில் சுருட்டி ஃபிரிட்ஜில் போட்டு மறந்திருந்தேனே, அது. கிட்டத்தட்ட நாற்பது நாள் குளிரில் கிடந்திருக்கிறது. வேண்டுமென்று செய்ததல்ல, சோம்பேறித்தனம்தான். ஆனால் அதுதான் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

பங்குனியில் இரண்டையும் பிடுங்கினோம். கடைப் பூண்டு நட்ட தொட்டியில் பாதிக்கு அடியில் ஒன்றுமே இல்லை. மீதியில் கோலிக்குண்டு அளவில் ஒற்றை உருண்டை. ஒருதலைப் பூண்டு என்று கடையில் தனி விலைக்கு விற்கிறார்களே, அதே மாதிரி. ஃபிரிட்ஜ் பூண்டில் மட்டும் சின்னதாக, நாலைந்து பல் பிரிந்த பூண்டுகள் கிடைத்தன. சேர்த்து எடை போட்டால் ஒரு வேளைக் குழம்புக்குக் காணாது.

காரணம் இதுதான். பூண்டு குளிரை அனுபவித்த பிறகுதான் பல் பிரியும். அதன் பின் பகல் நீள நீளத் தலை பருக்கும். கொடைக்கானல் மலை சுமார் 7,000 அடி உயரம். அங்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி கிராமங்களில் விளைகிற மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நீலகிரியில் விளைவதும் அந்தக் குளிரில்தான். வடக்கே மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பக்கம் பனிக்காலமெல்லாம் வயலில் நின்று வருவதுதான் நாம் வாங்கும் வெள்ளைப் பூண்டில் பெரும்பகுதி. நம் அண்ணாமலையோ 2,668 அடி. நாம் இருப்பது அதன் காலடியில். மார்கழிப் பனியை நம்பிப் பூண்டு ஏமாறாது.

ஆகவே சகோதரிகளே, திருவண்ணாமலையில் பூண்டு நடுவது தலைக்காக அல்ல, தாளுக்காக! தாளுக்கு என்றால் இரண்டு அங்குல இடைவெளியே போதும், நெருக்கமாக நடலாம். மூன்று நாலு வாரத்தில் ஒரு சாண் வளர்ந்துவிடும். அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று தடவை தாராளமாக எடுக்கலாம். நுனியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தால் இலைப்பேன். அந்தத் தாளைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். பௌர்ணமி, கிருத்திகை என்று பூண்டு சேர்க்காத நாட்கள் எங்கள் வீட்டில் மாதத்துக்கு நாலைந்து உண்டு. தாளுக்கு அதுவே ஓய்வு!

அந்தப் பொங்கலுக்கு மறுநாள் முதல் அறுவடை. துவையல் அரைத்தேன். இரண்டு கைப்பிடி தாளைக் கழுவி நறுக்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு 2 ஸ்பூன், காய்ந்த மிளகாய் 4 சிவக்க வறுத்து எடுத்து, அதே எண்ணெயில் தாளைப் போட்டு ஒரு புரட்டு. ஒரே புரட்டுதான், நிறம் மாறினால் மணம் போச்சு. நெல்லிக்காயில் பாதி புளி, ஒரு பிடி தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரவென்று அரைக்க வேண்டியது. ஜவ்வாதுமலைச் சாமையைச் சோறாக வடித்து, நல்லெண்ணெய் விட்டு இதைப் பிசைந்தால் வேறு கறி கேட்காது. தோசை மாவிலும் பொடியாக அரிந்து கலக்கலாம். அடைக்கு இன்னும் விசேஷம்.

அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலுக்குப் போன இடத்தில் யாரோ ஒரு அம்மாள், "பச்சைப் பூண்டு தின்னா ரத்தக் கொதிப்பு கிட்டவே வராது" என்று சொல்லிவிட்டார்களாம். அன்று முதல் காலையில் வெறும் வயிற்றில் நாலு பல். கூடவே தொட்டியிலிருந்து இரண்டு தாள். நானும் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் காலை. கோலம் போட்டு நிமிர்ந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். "தலை கிர்ருங்குதுடி." முகமெல்லாம் சிவந்திருந்தது. ஆட்டோ பிடித்து டாக்டரம்மாவிடம் கொண்டு போனால், மேல் அளவு 190! "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். "தினம் சாப்பிடறாங்க டாக்டர்" என்று அடித்துச் சொன்னேன். அத்தை தரையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால், அடித்தட்டில் ஐந்து வார மாத்திரை பிரிக்காமல் இருக்கிறது.

"நான்தான் பூண்டு திங்கறேனே, அப்புறம் எதுக்கு அது வேற? உம் புருஷன் சம்பாத்தியமெல்லாம் மருந்துக் கடைக்குத்தானா?" என்றார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. காசை மிச்சம் பிடிக்கிறாராம்!

டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னது இது: பூண்டு ரத்தக் கொதிப்பைக் கொஞ்சம் இறக்குவதாகச் சில ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்சம் மாத்திரையின் வேலையைச் செய்யாது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். "பாட்டி, பூண்டையும் சாப்பிடுங்க, மாத்திரையையும் சாப்பிடுங்க. ரெண்டுக்கும் சண்டை மூட்டாதீங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார். இருதயத்துக்காக ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள், பச்சைப் பூண்டை வழக்கமாகத் தின்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பூண்டும் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். குழம்பில் போடுகிற பூண்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பூண்டில் என்னதான் இருக்கிறது? முழுப் பல்லுக்குள் இரண்டு சரக்குகள் தனித்தனி அறையில் இருக்கின்றன. நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து அல்லிசின் என்ற காரமான பொருள் பிறக்கிறது. 1944-இல் அமெரிக்காவில் இதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். முழுப் பல்லை அப்படியே கொதிக்கும் குழம்பில் போட்டால் அது பிறக்க வழியே இல்லை. நசுக்கி, பத்து நிமிஷம் வைத்திருந்து, பிறகு சமையுங்கள். அந்தக் காரம் தோலையும் சுட்டுவிடும். குழந்தைக்குச் சளி என்று பச்சைப் பூண்டை அரைத்து நெஞ்சிலோ பாதத்திலோ கட்டிக் கொப்புளம் வரவழைக்காதீர்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு கொடுக்கிறோமே, "பால் நாறும், குழந்தை குடிக்காது" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 1991-இல் பிலடெல்பியாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தாய் பூண்டு சாப்பிட்ட சில மணி நேரத்தில் பாலில் வாசனை வரத்தான் செய்தது. ஆனால் குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் இருந்தன. பூண்டால் பால் ஊறுகிறது என்பதற்கு இது சாட்சி ஆகாது. பால் ஊறக் குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவதுதான் வழி.

விலை இறங்கும்போது மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கிக் காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிடுகிறேன். உரித்து எண்ணெயில் ஊறப் போட்டு வைக்கலாமே என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். வேண்டவே வேண்டாம்! எண்ணெய்க்குள் காற்றுப் போகாது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் பாட்டுலிசக் கிருமிக்கு அதுதான் வசதி. விஷம் சேர்ந்தாலும் நாற்றமோ நிற மாற்றமோ காட்டாது. 1985-இல் கனடாவில் வான்கூவர் நகரத்து உணவகம் ஒன்றில் இப்படி எண்ணெயில் வைத்த பூண்டால் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். எண்ணெயில் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். நம் பூண்டு ஊறுகாய் வேறு விஷயம். அதில் எலுமிச்சையும் உப்பும் தாராளமாக விழுகிறது. புளிப்பில் அந்தக் கிருமி தலையெடுக்காது. புளிப்பைக் குறைத்து எண்ணெயைக் கூட்டுகிற புதுப்பாணி ஊறுகாய்களைத்தான் நான் நம்புவதில்லை.

அத்தை இப்போதும் காலையில் பூண்டு தின்கிறார், நாலு பல் இரண்டாகியிருக்கிறது. இட்லிக்குப் பிறகு நான் எதிரில் நின்றுகொண்டு மாத்திரையைக் கொடுக்கிறேன். "போலீஸ்காரி மாதிரி நிக்கறா பாரு" என்பார். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். காட்டுவார்.

தொட்டிக்கு இந்தத் தடவை அடியில் மூன்று ஓட்டை போட்டாயிற்று.